ஜீப்பின் முன் அச்சு: போர்க்களத்திலிருந்து பட்டறை வரை

ஜீப் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது என்ன? ஏழு கம்பி போட்ட முகப்பு, மடக்கி வைக்கும் கண்ணாடி, கதவே இல்லாத பக்கவாட்டு. சினிமாவில் போலீஸ் அதிகாரி தாவிக் குதித்து இறங்கும் வண்டி. ஆனால் அந்த வண்டியை ஜீப் ஆக்கிய பொருள் இவற்றில் ஒன்றும் இல்லை. அது வண்டிக்கு அடியில், சேறு பூசிக்கொண்டு, எண்ணெய் கசிய, யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. அதுதான் முன் அச்சு. மெக்கானிக்குகள் வாயில் "ஃப்ரண்ட் ஆக்சில்".

இரண்டாம் உலகப்போர் முடிந்து இவ்வளவு ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் கால ஜீப்புகள் பல நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு வண்டியை வாங்கும் ஆள் முதலில் பணம் செலவழிக்க வேண்டி வருவது பெரும்பாலும் இந்த முன் அச்சில்தான். ஏன் அப்படி? அதற்கு 1940-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

49 நாட்களில் ஒரு வண்டி

1940 ஜூன் மாதம் ஃபிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஜெர்மன் படைகளின் வேகத்தைப் பார்த்து அமெரிக்க ராணுவம் அரண்டு போனது. குதிரைக்கும் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளுக்கும் பதிலாக, நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஒரு சின்ன வண்டி அவசரமாக வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். நிபந்தனைகளைப் பாருங்கள்: எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும். முதல் வண்டியை 49 நாட்களில் தர வேண்டும். 135-ல் ஒழுங்காகப் பதில் சொன்னவை இரண்டே இரண்டு. ஒன்று வில்லிஸ் ஓவர்லேண்ட். மற்றொன்று பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் திவாலாகும் நிலையில் இருந்த அமெரிக்கன் பேண்டம் என்ற சின்னக் கம்பெனி.

பேண்டத்தில் வரைபடம் போட ஆள் கூட இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்தார்கள். அவர் பட்லருக்கு வரும் வழியிலேயே டொலிடோ நகரில் ஸ்பைசர் நிறுவனத்தில் இறங்கினார். எதற்கு? அச்சு கேட்கத்தான்! இன்ஜினைக் கடையில் வாங்கிவிடலாம், உடலைத் தகடு வளைத்துச் செய்துவிடலாம். ஆனால் இவ்வளவு சின்ன வண்டிக்கு, சக்கரத்தைத் திருப்பவும் வேண்டும், அதே சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும் என்ற முன் அச்சு அப்போது சந்தையில் கிடைக்கவில்லை. ஸ்டூடிபேக்கர் சேம்பியன் என்ற காரின் அச்சை மாற்றி அமைத்துத் தருவதாக ஸ்பைசர் ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் ப்ராப்ஸ்ட் காகிதத்தில் பென்சிலை வைத்தார். இரண்டே நாளில் முழு வண்டியின் வரைபடமும் தயார்.

1940 செப்டம்பர் 23 அன்று மாலை 5 மணிக்குக் கெடு. பட்லரிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்து, 4.30 மணிக்கு பால்டிமோர் அருகே இருந்த ஹோலபர்ட் முகாமில் வண்டியை நிறுத்தினார்கள். அரை மணி நேரம் தாமதம் ஆகியிருந்தால் சரித்திரமே வேறு.

ஆனால் கதையில் ஒரு சோகம் உண்டு. பேண்டம் சின்னக் கம்பெனி, பெரிய அளவில் தயாரிக்க முடியாது என்று நினைத்த ராணுவம், அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. 1941 ஜூலையில் 16,000 வண்டிகளுக்கான ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. பிறகு அதே வில்லிஸ் வடிவத்தை ஃபோர்டும் தயாரிக்க ஏற்பாடு ஆனது. போர் முடிவதற்குள் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரித்தன. முதலில் செய்துகாட்டிய பேண்டம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. மீதிப் போர்க்காலம் முழுவதும் ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்துகொண்டிருந்தது. ஜீப்பைப் படைத்தது தாங்களே என்று வில்லிஸ் விளம்பரம் செய்ததை அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரித்து, அந்தப் பெருமை பேண்டத்துக்கும் ராணுவத்துக்கும் உரியது என்று தீர்ப்புச் சொன்னது 1948-ல். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும்

சரி, முன் அச்சு செய்வதில் அப்படி என்ன கஷ்டம்?

பின் சக்கரம் திரும்புவதில்லை. ஆகவே ஒரு நேரான இரும்புத் தண்டு போதும். முன் சக்கரமோ ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்ப வேண்டும். அப்போது தண்டு நடுவில் மடங்க வேண்டும், மடங்கியபடியே சுழலவும் வேண்டும். இதற்கு லாரிகளில் இருக்கும் சாதாரண சிலுவை ஜாயின்ட்டைப் போட்டால் ஒரு தொல்லை. தண்டு 30 டிகிரி மடங்கியிருக்கிறது, இன்ஜின் பக்கம் நிமிடத்துக்கு 100 சுற்று சீராகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் பக்கம் அது சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 115 வரை ஏறி, 87 வரை இறங்கும். வளைவில் வண்டி விட்டுவிட்டு இழுக்கும், ஸ்டியரிங் கையில் உதறும், டயர் தேயும், பல் உடையும்.

இதற்குத் தீர்வு, எந்தக் கோணத்திலும் ஒரே வேகத்தைக் கடத்தும் ஜாயின்ட். 1920-களில் பல பேர் பல நாடுகளில் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். ஃபிரான்சில் ழான் ஆல்பெர் கிரேகுவாரும் பியர் ஃபெனாயும் சேர்ந்து செய்தது டிராக்டா. 1927-ல் ல மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்த ஜாயின்ட் வைத்த காரையே ஓட்டிக் காட்டினார்கள். அமெரிக்காவில் கார்ல் வைஸ் செய்தது பெண்டிக்ஸ் வைஸ் ஜாயின்ட், உருண்டைக் குண்டுகள் பள்ளங்களில் ஓடும் வகை. ஆல்ஃபிரட் ஷெப்பா செய்ததில் ஆறு குண்டுகள் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும். கோணம் எப்படி மாறினாலும் அந்தக் கூண்டு குண்டுகளைச் சரியாகப் பாதிக் கோணத்தில் நிறுத்தும். அதனால்தான் வேகம் மாறுவதில்லை. இன்று முன் சக்கரம் இழுக்கும் கார்கள் அனைத்திலும், நம் மாருதி 800 உட்பட, சக்கரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் உறைக்குள் இருப்பது இந்த ஷெப்பாவின் வாரிசுதான்.

ஆனால் 1941-ல் இதைச் செய்யத் தெரிந்த தொழிற்சாலைகள் மிகக் குறைவு. குண்டு ஓடும் பள்ளத்தை மிகத் துல்லியமாகக் கடைய வேண்டும், அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். லட்சக்கணக்கில் ஜீப் வேண்டும் என்றபோது ஒரே வகையை நம்பி இருக்க முடியவில்லை. கிடைத்ததை எல்லாம் போட்டார்கள். டிராக்டா, பெண்டிக்ஸ், ஷெப்பா, ஸ்பைசர் என்று நான்கு வகை ஜாயின்ட்கள் போர்க்கால ஜீப்புகளில் உண்டு. வெளியில் பார்த்தால் எல்லா வண்டியும் ஒன்றுதான். உள்ளே திறந்தால்தான் எது என்று தெரியும். இந்த அவசரம் பின்னால் பட்டறைக்காரர்களுக்கு எப்படித் தலைவலி ஆனது என்பதைப் பிறகு பார்ப்போம்.

போர்க்களத்தில் பழுது

முன் அச்சுக்கு அடி எப்படிப் படுகிறது? ஜீப்பின் அச்சுக்கும் தரைக்கும் இருந்த இடைவெளி சுமார் எட்டே முக்கால் அங்குலம். பாறை, வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டை, குண்டு விழுந்த குழி. இவற்றில் ஏதாவது ஒன்றில் வேகமாக மோதினால் அச்சுக் குழாய் வளையும். ஆற்றைக் கடந்தால் தண்ணீர் உள்ளே போகும். அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பர்மா காடுகள் வழியாகச் சீனாவின் குன்மிங் வரை போட்ட சாலையின் நீளம் 1,736 கிலோமீட்டர். 1945 பிப்ரவரியில்தான் முதல் வண்டித் தொடர் குன்மிங் போய்ச் சேர்ந்தது. பருவமழையில் முழங்கால் அளவு சேறு நிற்கும் இப்படிப்பட்ட வழிகளில், சக்கரத்தின் கழுத்துப் பகுதியில் இருந்த சீல்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்க ராணுவம் பழுதுபார்க்கும் வேலையை ஐந்து படிகளாகப் பிரித்து வைத்திருந்தது. முதல் படி ஓட்டுநர்: எண்ணெய் பார்ப்பது, போல்ட் முடுக்குவது, துடைப்பது. இரண்டாவது அந்தப் படைப்பிரிவின் சொந்த மெக்கானிக்குகள். மூன்றாவதும் நான்காவதும் களத்துக்குப் பின்னால் வரும் பட்டறைகள். ஐந்தாவது, வண்டியை முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்டும் பெரிய டிப்போ. 1942-ல் வண்டிகளின் பொறுப்பு முழுவதும் ஆயுதத் துறையின் கைக்கு வந்த பிறகு, ஜீப்பின் இன்ஜினுக்கு ஒரு கையேடு, அச்சு, கியர், உடலுக்கு ஒரு கையேடு என்று படத்தோடு அச்சிட்டார்கள். நேற்று வரை வயலில் வேலை செய்த பையன் கூட அதைப் பார்த்து ஒரு அச்சைப் பிரித்து மாட்டலாம் என்ற அளவுக்கு எழுதப்பட்டவை அவை.

இங்கே இன்னொரு பெரிய விஷயம், உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவது. ஃபோர்டு தன் வண்டியின் போல்ட் தலைகளில் கூட தன் பெயரின் முதல் எழுத்தைக் குத்தி வைத்தது. ஆனாலும் அந்த போல்ட் வில்லிஸ் வண்டியில் கச்சிதமாகப் பொருந்தும். குண்டடிபட்டுக் கிடக்கும் ஒரு ஃபோர்டின் முழு முன் அச்சையும் கழற்றி, ஓடிக்கொண்டிருக்கும் வில்லிஸில் மாட்டிவிடலாம். ஒரு வண்டி ஓடுவதை நம்பித்தான் காயம்பட்டவனைத் தூக்கிச் செல்வதும், முன்னணிக்குக் குண்டு கொண்டு போவதும் இருந்தன. ஆகவே இது வெறும் வசதி அல்ல, உயிர் விஷயம்.

போர் முடிந்தது, வண்டிகள் மிச்சம்

1945-ல் போர் முடிந்ததும் உலகம் முழுவதும் ஜீப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோவது கட்டாது. இருந்த இடத்திலேயே விற்றார்கள், கொடுத்தார்கள், விட்டுவிட்டும் போனார்கள்.

பிலிப்பைன்ஸில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த அதிசயம். 1945 பிப்ரவரி, மார்ச்சில் நடந்த சண்டையில் மணிலா நகரம் தரைமட்டமானது. டிராம் வண்டிகளும் தண்டவாளங்களும் அழிந்தன. வேலைக்குப் போக வழி இல்லை. மக்கள் அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப்புகளை வாங்கி, பின்பக்கத்தை நீட்டி, எதிரெதிராக இரண்டு பெஞ்ச் போட்டு, கூரை கட்டி, கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசினார்கள். அதுதான் ஜீப்னி. 1953-ல் லியோனார்டோ சராவ் 700 பெசோ முதலீட்டில் ஆரம்பித்த பட்டறை அந்த நாட்டின் மிகப் பிரபலமான ஜீப்னி நிறுவனமாக வளர்ந்தது. நகரச் சாலையில் ஆள் ஏற்றும் வண்டிக்கு முன் சக்கர இழுவை தேவை இல்லை. போரில் மிக அரிதாக இருந்த அந்த ஜாயின்ட், அமைதிக் காலத்தில் வேண்டாத சுமை ஆகிவிட்டது!

அமெரிக்காவிலும் அதே பிரச்சினைக்கு வேறு மாதிரி தீர்வு வந்தது. ஜீப்பில் முன் இழுவையை லீவர் போட்டு நிறுத்தினாலும், வண்டி ஓடும்போது முன் சக்கரம் அச்சுத் தண்டுகளையும் பல் சக்கரங்களையும் சேர்த்தே சுழற்றிக்கொண்டிருக்கும். வீண் தேய்மானம், வீண் பெட்ரோல். 1948-ல் ஆர்தர் வார்ன் என்பவர், சக்கரத்தையே தண்டிலிருந்து பிரித்துவிடும் ஹப்களைச் செய்து ராணுவ மிச்ச ஜீப் வைத்திருந்தவர்களுக்கு விற்க ஆரம்பித்தார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

இந்தியாவில்? மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பிரித்த நிலையில் இறக்குமதி செய்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. அதற்கு அடுத்த வருடமே ஜீப் என்ற பெயர் வேறு காரணத்துக்காக நாட்டில் பிரபலமானது. காஷ்மீர் போருக்காக 80 லட்சம் ரூபாய்க்கு 200 ஜீப்புகள் வாங்க லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனன் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். பெரும்பகுதிப் பணம் முன்கூட்டியே போனது. வந்தவை 155. அவையும் ராணுவத்துக்கு உதவாதவை என்று நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பியது. 1955-ல் அரசு அந்த வழக்கை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பழைய ராணுவ வண்டியைப் பெயின்ட்டைப் பார்த்து வாங்கக் கூடாது, அடியில் படுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று எந்தப் பட்டறைப் பையனும் சொல்வான். ஒரு நாட்டுக்கும் அது பொருந்தும்.

பட்டறையில் நடப்பது

அடியில் படுத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார்கள். ஆட்டம் இருந்தால் சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது சக்கரம் திரும்பும் கழுத்தில் மேலும் கீழும் உள்ள கிங் பின் பேரிங்குகள் தேய்ந்திருக்கலாம். இரண்டாவது என்றால் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக உதற ஆரம்பிக்கும். கிங் பின் மூடிக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். அவற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் இறுக்கத்தைச் சரி செய்வது. அதிகம் எடுத்தால் ஸ்டியரிங் கனக்கும், குறைவாக எடுத்தால் உதறல் போகாது.

அடுத்து எண்ணெய்க் கசிவு. சக்கரத்துக்குப் பின்னால் பந்து மாதிரி ஒரு பெரிய உருண்டை இருக்கும். அதற்குள்தான் அந்த ஜாயின்ட். உருண்டையைத் துடைத்தபடி ஒரு சீல் இருக்கும். துருப்பிடித்துச் சொரசொரப்பான உருண்டையில் எவ்வளவு புது சீல் போட்டாலும் அது கிழிந்துவிடும். உருண்டையைத் தேய்த்து வழவழப்பாக்காமல் சீல் மாற்றுவது பணத்துக்குக் கேடு. நடுப்பெட்டியின் கியர் ஆயில் உள் சீலைத் தாண்டி வந்து கிரீஸைக் கரைத்து, பிரேக் டிரம் வரை போய்விட்டால் ஆபத்து. எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது.

மூன்றாவது, வளைந்த அச்சு. டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்தால் சந்தேகப்பட வேண்டும். நடுவில் வார்ப்பு இரும்புப் பெட்டி, அதில் இரண்டு பக்கமும் எஃகுக் குழாய்களை அழுத்திச் செருகிப் பற்றவைத்திருப்பார்கள். ஜீப்பில் அந்தப் பெட்டி நடுவில் இருக்காது, வலது பக்கம் தள்ளி இருக்கும். ஆகவே இடது குழாய் நீளம், வளைவது பெரும்பாலும் அதுதான். கொஞ்சம் வளைந்திருந்தால் பிரஸ்ஸில் வைத்துக் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தலாம். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் எஃகின் பலம் போய்விடும். மடிப்பு விழுந்த குழாயை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

ஜாயின்ட்டை மாற்றுவது சுலபம். முழு அச்சையும் இறக்க வேண்டாம். ஹப், பிரேக் தட்டு, ஸ்பிண்டில் ஆகியவற்றைக் கழற்றினால் தண்டும் ஜாயின்ட்டும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இங்கேதான் 1941-ன் அவசரம் வந்து நிற்கிறது. ஒரு பக்கம் பெண்டிக்ஸ், மறு பக்கம் ஷெப்பா என்று கலந்து கிடக்கும் வண்டிகள் உண்டு. ஒவ்வொரு வகைத் தண்டையும் அச்சுக்குள் நிலையாக நிறுத்தும் ஏற்பாடு வேறு. தெரியாமல் ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் போட்டால் தண்டு உள்ளும் புறமும் அசைந்து ஜாயின்ட்டைத் தின்றுவிடும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. போர்க்கால ஜீப்பின் அச்சில் கிரவுன் வீலுக்கு 39 பல், பினியனுக்கு 8 பல். 1945-ல் வந்த சி.ஜே.2ஏ என்ற குடிமக்கள் ஜீப்பில் 43-க்கு 8. இரண்டு அச்சும் வெளியில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஸ்பிரிங் பட்டையில் அப்படியே உட்காரும். உடைந்த ராணுவ அச்சுக்குப் பதிலாகக் குறைந்த விலையில் கிடைத்த சி.ஜே. அச்சை மாட்டினால், சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. முன் இழுவையைப் போட்ட அடுத்த நிமிடம், முன் சக்கரங்கள் ஒரு வேகத்திலும் பின் சக்கரங்கள் பத்து சதவீத வித்தியாசத்திலும் சுழல முயலும். சேற்றில் சக்கரம் வழுக்கித் தப்பிக்கும். கெட்டியான தரையில் கியர் பெட்டி உடையும். ஆகவே நல்ல மெக்கானிக் மாட்டுவதற்கு முன் பல்லை எண்ணுவார்.

முழுதாக விற்பதும் வெட்டி விற்பதும்

ஜீப்புக்கு அடுத்து 1960 முதல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது எம்.151. இதில் பழைய கெட்டி அச்சு இல்லை. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். சொகுசு, வேகம் எல்லாம் உண்டு. ஆனால் வளைவில் வேகமாகத் திருப்பினால் பின் சக்கரம் உள்ளே மடங்கிக் கவிழ்ந்துவிடும் என்ற கெட்ட பெயரும் வந்தது. பொதுச் சாலைக்கு லாயக்கில்லை என்று சொல்லி, ஓய்வுபெற்ற எம்.151 வண்டிகளை ராணுவமே துண்டு துண்டாக வெட்டி இரும்பு விலைக்கு விற்றது. அதற்கும் பின்னால் வந்த ஹம்வீயை 2014 முதல் பொது ஏலத்தில் விட்டபோது கூட, சாலைக்கு வெளியே மட்டும் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் விட்டார்கள்.

பாதுகாப்புக்காக வெட்டியது நியாயம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவை ஒப்பிட்டுப் பாருங்கள். 1945-ல் முழுதாக விற்கப்பட்ட ஜீப்புகள் மணிலாவில் லட்சக்கணக்கானவர்களை வேலைக்குக் கொண்டுபோயின, அமெரிக்க விவசாயியின் ஏரை இழுத்தன, பல நாடுகளில் பட்டறைகளை உண்டாக்கின. சுத்தியல், ஸ்பேனர், ஒரு ஜாக்கி, கொஞ்சம் ஷிம் தகடு இருந்தால் யாரும் திறந்து பார்க்கக்கூடியதாக அந்த முன் அச்சு இருந்தது. அப்படி இல்லாமல் சீல் வைத்த பெட்டியாக இருந்திருந்தால், முதல் சீல் கிழிந்த அன்றே அந்த வண்டிகள் குப்பைக்குப் போயிருக்கும்.

இன்று எத்தனையோ கருவிகளைத் திறக்கவே முடியாதபடி செய்கிறார்கள். பழுதானால் தூக்கி எறி, புதிது வாங்கு என்கிறார்கள். உயிர் போகும் அவசரத்தில், 49 நாள் கெடுவில் பிறந்த ஒரு வண்டியைப் பழுதுபார்க்கும்படி செய்ய முடிந்தது என்றால், நிதானமாகச் செய்யும் பொருள்களில் ஏன் முடியாது?

அடுத்த முறை ஒரு பழைய ஜீப் உங்கள் தெருவில் நின்றால், கொஞ்சம் குனிந்து முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த உருண்டையைப் பாருங்கள். எண்ணெய் கசியாமல் பளபளவென்று இருந்தால், அந்த வண்டிக்கு ஒரு நல்ல மெக்கானிக் வாய்த்திருக்கிறார் என்று அர்த்தம்.